பிழையோடு தொடங்கிய பாடம்

பொறியியல் கல்லூரியில் இன்று சேரும் மாணவர், கட்டடப் பொறியியல் படிக்க வந்தவராயினும் இயந்திரப் பொறியியல் படிக்க வந்தவராயினும், முதலாண்டிலேயே கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதக் கற்க வேண்டியிருக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டுவதில் பாடம் தொடங்குகிறது. மாணவர் எழுதி முடித்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். “பிழை” என்கிறது கணிப்பொறி. எங்கோ ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கும். அல்லது ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் இருக்கும். திருத்தி மீண்டும் அழுத்துகிறார். மீண்டும் பிழை. அரை மணி நேரத்தில் இருபது முறை இப்படி நடந்தால், “இந்தப் பாடம் நமக்கு வராது” என்று சோர்ந்துவிடுகிறவர்கள் பலர்.

ஆனால் அரை மணி நேரத்தில் இருபது பிழைகளைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு மாணவர்களுக்கு எளிதில் கிட்டியதன்று. ஒரே ஒரு பிழையை அறிய ஒரு முழு நாள் காத்திருந்த மாணவர்கள் உண்டு. பிழை செய்வதற்கும் அதை அறிந்துகொள்வதற்கும் இடையே உள்ள நேரத்தைக் குறைப்பதற்காகவே சிலர் உழைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் புரோகிராம் கற்பித்த வரலாற்றில் பெரும்பகுதி அந்த உழைப்பின் வரலாறுதான். அந்தக் கதையில் நம் நாட்டுக் கான்பூருக்கும், ஈரோட்டில் பிறந்த ஒரு பேராசிரியருக்கும் இடமுண்டு. முதலில் இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம்.

படிக்கட்டில் வந்த ஞானம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் ‘எட்சாக்’ என்னும் கணிப்பொறி உருவாக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு கணக்கைச் செய்து முடித்தது. புரோகிராமைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, பிறருக்கும் பயன்படும் வகையில் முறையாக வேலை செய்த கணிப்பொறிகளில் இது முன்னோடி.

முதல் சில வாரங்கள் சிறிய கணக்குகள்: வர்க்க எண்களின் பட்டியல், பகா எண்களின் பட்டியல் போன்றவை. பிறகு வில்க்ஸ் சற்றே பெரிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். ‘ஏரி’ என்னும் விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை காண்பதே அது. புரோகிராமின் நீளம் 126 வரிகள். எட்சாக்குக்கு ஆணைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுத் தரவேண்டும். துளையிடும் கருவி ஒரு தளத்தில், எட்சாக் இன்னொரு தளத்தில். நாடாவைத் துளைப்பதும், எடுத்துக்கொண்டு ஓடுவதும், தவறான விடையைப் பெற்றுத் திரும்புவதுமாக இருந்த வில்க்ஸுக்கு ஒருநாள் படிக்கட்டின் திருப்பத்தில் ஓர் உண்மை பளிச்சிட்டது. இனித் தம் வாழ்நாளில் கணிசமான பகுதி, தாமே எழுதிய புரோகிராம்களில் உள்ள பிழைகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்பதே அது. பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

பல ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய நாடா ஒன்று கிடைத்தது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை வரிவரியாகப் படித்துப் பார்த்தார்கள். 126 வரிகளில் ஏறத்தாழ 20 பிழைகள்! எட்சாக்கைக் கட்டியவரே, எட்சாக்குக்காக எழுதியது அது. முதலாண்டு மாணவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் தங்களைப் பற்றி அவ்வளவு குறைவாக எண்ணமாட்டார்கள்.

கணிப்பொறி என்றால் கணக்கைத் தவறின்றிச் செய்யும் கருவி என்றே அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கருவி தவறு செய்யாது. ஆனால் அதற்கு ஆணையிடும் மனிதன் தவறாமல் தவறு செய்வான் என்பதை எவரும் முன்கூட்டி எண்ணவில்லை. அப்படியானால் ஆணையிடுவதைக் கற்றுத்தர வேண்டும், கற்றுத்தருவதற்குப் பாடநூல் வேண்டும். வில்க்ஸும் அவருடைய தோழர்களான டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோரும் 1951இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். புரோகிராம் எழுதுவதைப் பற்றி அச்சான முதல் பாடநூல் என்று அதைச் சொல்வார்கள். 1950 முதல் கோடைப் பள்ளிகளும் நடந்தன. 1951ஆம் ஆண்டுப் பள்ளிக்கு ஹாலந்திலிருந்து ஒரு பௌதிக மாணவர் வந்திருந்தார். அவர்தான் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பின்னாளில் புரோகிராம் எழுதும் முறையையே சீர்திருத்திய மேதை.

எட்சாக் அருகே ஒரு கொடி கட்டப்பட்டிருந்தது. ஆம், துணி உலர்த்தும் கொடி போன்றதுதான். புரோகிராம் எழுதியவர்கள் தங்கள் நாடாக்களை அதில் தொங்கவிட்டுச் செல்வார்கள். இயக்குபவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கருவியில் செலுத்துவார். கொடியில் எத்தனை நாடாக்கள் தொங்குகின்றன என்று பார்த்தாலே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். காத்திருத்தல் அப்போதே தொடங்கிவிட்டது.

சூத்திரத்தைப் புரிந்துகொள்ளும் மொழி

எட்சாக்கின் ஆணைகள் தனித்தனி எழுத்துகளாலும் எண்களாலும் ஆனவை. கூட்டலுக்கு ஒரு எழுத்து, கழித்தலுக்கு ஒரு எழுத்து, பிறகு நினைவக அறையின் எண். ஒரு நீர்த்தேக்கச் சுவரின் வலிமையைக் கணக்கிட விரும்பும் பொறியாளர், சூத்திரத்தை மறந்துவிட்டு அறை எண்களைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்நிலையில் எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் இதைக் கற்பிப்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத செயல்.

இதை மாற்றியது ‘ஃபோர்ட்ரான்’. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவர் 1953ஆம் ஆண்டின் இறுதியில் இத்திட்டத்தை முன்வைத்தார். 1957இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. சூத்திரத்தை ஏறக்குறைய சூத்திரமாகவே எழுதலாம். அதைக் கணிப்பொறியின் ஆணைகளாக மாற்றும் வேலையை ‘கம்பைலர்’ என்னும் இன்னொரு புரோகிராம் கவனித்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்; பின்னால் இது முக்கியமாகப் போகிறது. பேக்கஸின் குழுவினர் கற்பவர்களை மனத்தில் வைத்துக் கம்பைலரை அமைக்கவில்லை. கையால் எழுதிய ஆணைகளைவிடக் கம்பைலர் தரும் ஆணைகள் மெதுவாக ஓடினால், அனுபவம் மிக்க புரோகிராமர்கள் அதைத் தொடவே மாட்டார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆகவே கம்பைலர் ஒவ்வொரு சூத்திரத்தையும் புரட்டிப் புரட்டி ஆராய்ந்து, மிக வேகமாக ஓடும் ஆணைகளைப் படைத்துத் தரும்படி செய்தார்கள். அதற்கு நேரம் பிடித்தது. நூறு தடவை ஓடப்போகும் பெரிய புரோகிராமுக்கு அந்த நேரம் ஒரு பொருட்டன்று.

ஃபோர்ட்ரான் எளிய மொழிதான். ஆனால் அதிலும் கற்பவர் விழுவதற்குக் குழிகள் இருந்தன. ஒரு குழியை மட்டும் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கமூலம் என்பது அந்த எண்ணின் அரை அடுக்கு என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எனவே மாணவர், “எக்ஸ் என்பதன் 1/2 அடுக்கு” என்று ஆணையை எழுதுகிறார். கணிதப்படி முற்றிலும் சரி. ஆனால் எக்ஸுக்கு 4 கொடுத்தாலும், 400 கொடுத்தாலும் கணிப்பொறி தரும் விடை 1!

ஏன்? ஃபோர்ட்ரானில் புள்ளியில்லாமல் எழுதப்படும் எண் முழு எண். ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்கும்; மீதி தூக்கியெறியப்படும். ஒன்றை இரண்டால் வகுத்தால் ஈவு 0, மீதி 1. மீதி போய்விட்டது. எந்த எண்ணின் பூஜ்ய அடுக்கும் 1 அல்லவா? “1.0/2.0” என்று எழுதியிருந்தால் சரியான விடை வந்திருக்கும்.

இன்னொன்று: ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகிய ஆறு ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கும் பெயருக்குரிய மதிப்பு, வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், முழு எண் என்றே ஃபோர்ட்ரான் எடுத்துக்கொள்ளும். நிறையைக் குறிக்க ‘மாஸ்’ என்று பெயரிட்டு 2.75 என்னும் மதிப்பை அதில் இட்டால், உள்ளே போவது 2 மட்டுமே. கணிப்பொறி இதைப் பிழை என்றும் சொல்லாது. மொழியின் விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது!

இத்தகைய பிழையைப் புத்தகத்தைப் படித்து மட்டும் எவரும் உணர்வதில்லை. ஒருமுறை விழுந்து எழுந்தால்தான் மனத்தில் பதியும். ஆகவே கற்பவருக்குக் கருவி வேண்டும். பலமுறை விழ வாய்ப்பும் வேண்டும். அந்த வாய்ப்பை யார் தருவார்கள்?

எல்லோருக்கும் ஒரு பாடம்

1950களில் ஒரு கணிப்பொறியின் விலை பல கட்டடங்களின் விலை. அதன் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களின் கணக்குகளே வரிசையில் நிற்கும்போது, பதினெட்டு வயது மாணவன் தவறான வர்க்கமூலம் காண்பதற்கு அந்த நிமிடங்களைத் தரலாமா?

தரத்தான் வேண்டும் என்று உரக்கச் சொன்னவர்களில் ஆலன் பெர்லிஸ் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் 1958இல் முதலாண்டு மாணவர்களும் படிக்கக்கூடிய புரோகிராமிங் பாடம் ஒன்றை அவர் தொடங்கினார். கணிதத்தைப் போல இதுவும் எல்லாத் துறை மாணவர்களும் கற்க வேண்டிய அடிப்படைப் பாடம் என்பது அவர் கொள்கை. 1966இல் டூரிங் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் அவரே.

கார்னகியின் பெயரை இங்கே சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கான்பூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு உதவ முன்வந்த ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்களில் அதுவும் ஒன்று.

கான்பூரில் ஒரு புதிய விருந்தாளி

அக்காலத்தில் இந்தியாவில் இருந்த கணிப்பொறிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இங்கிலாந்து நாட்டுக் கருவி ஒன்றும், பிறகு வந்த ரஷ்ய ‘யூரல்’ கருவியும் இருந்தன. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் தாங்களே ஒரு கணிப்பொறியைக் கட்டி 1960இல் இயக்கினார்கள். ‘டிஃப்ராக்’ என்பது அதன் பெயர். இவையெல்லாம் ஆராய்ச்சிக்காக இருந்தவை. பொறியியல் பட்ட வகுப்பு மாணவன் அவற்றின் அருகே செல்வதற்கு வழியில்லை.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டில் கான்பூர் இ.தொ.கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதை நிலைநிறுத்திப் பாடம் தொடங்குவதற்கு அமெரிக்காவிலிருந்து வந்த பேராசிரியர்களுள் ஹாரி ஹஸ்கி முக்கியமானவர். அவருடைய வரலாறே ஒரு கணிப்பொறி வரலாறு. ‘எனியாக்’ கணிப்பொறியில் பணியாற்றியவர். 1947இல் இங்கிலாந்துக்குச் சென்று ஆலன் டூரிங்கின் குழுவில் இருந்தவர். பிறகு அமெரிக்காவில் தாமே கணிப்பொறிகளை வடிவமைத்தவர். அப்படிப்பட்டவர் கான்பூரின் வெயிலில் வந்து அடிப்படைப் பாடம் நடத்தினார்.

அதே 1963இல் கான்பூருக்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் வி. ராஜாராமன். 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். டெல்லியிலும் பெங்களூரிலும் படித்து, பிறகு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். இவரும் இவருடைய தோழர்களும் சேர்ந்து, பொறியியல் மாணவர்கள் அனைவருக்கும் புரோகிராம் எழுதுவதைப் பாடமாக்கினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார்கள். அவற்றில் கற்றவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் பிறருக்குக் கற்பித்தார்கள்.

வந்த கருவி எப்படிப்பட்டது? அதன் நினைவகத்தில் குறைந்த அளவு 20,000 இலக்கங்கள் அடங்கும். ஆங்கில எழுத்து ஒன்றை வைக்க இரண்டு இலக்கங்கள் வேண்டும் என்பதால், எழுத்துகளாகப் பார்த்தால் 10,000தான். ஐந்திலக்க எண்கள் இரண்டைக் கூட்ட அதற்கு ஏறத்தாழ 0.56 மில்லி விநாடி ஆகும்.

அது கூட்டிய விதம்தான் வேடிக்கையானது. 1620இன் முதல் மாதிரியில் கூட்டலுக்கென்று தனி மின்சுற்று கிடையாது! பள்ளிச் சிறுவர்கள் போல அதுவும் வாய்ப்பாடு வைத்திருந்தது. நினைவகத்தில் 100 முதல் 299 வரையிலான அறைகளில் பெருக்கல் வாய்ப்பாடு. 300 முதல் 399 வரை கூட்டல் வாய்ப்பாடு. ஏழும் எட்டும் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், வாய்ப்பாட்டில் அதற்குரிய அறையைத் திறந்து பார்த்துக்கொள்ளும். “கூட்டத் தெரியாது, முயற்சிகூடச் செய்யாது” என்று பொருள்படும்படி அமெரிக்கப் பொறியாளர்கள் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். கற்பவர் எழுதிய புரோகிராம் தவறிப்போய் அந்த அறைகளில் எதையாவது எழுதிவிட்டால், வாய்ப்பாடே மாறிவிடும். பிறகு கணிப்பொறி இரண்டும் இரண்டும் ஐந்து என்று நம்பிக்கையோடு சொல்லும். வாய்ப்பாட்டை மீண்டும் ஏற்றினால்தான் அதற்கு அறிவு தெளியும்.

ஆனாலும் கற்பிக்க ஏற்ற கருவி அது. நாம் பழகிய பத்தடிமான எண்களிலேயே வேலை செய்தது. ஃபோர்ட்ரான் அறிந்திருந்தது. விலையும் அக்காலத்துப் பெரிய கருவிகளோடு ஒப்பிட்டால் குறைவு. உலகெங்கும் பல பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கான பொறியியல் மாணவர்கள் முதல் புரோகிராமை எழுதியது இந்த 1620இல்தான்.

அட்டையின் பயணம்

புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் தனித்தனி அட்டையில் துளையிட்டுத் தரவேண்டும். ஓர் அட்டையில் 80 நெடுவரிசைகள். முதல் ஐந்தில் ஆணையின் எண். ஆறாவது, வரி நீண்டு அடுத்த அட்டைக்குப் போனால் மட்டும். ஏழு முதல் எழுபத்திரண்டு வரை ஆணை. எஞ்சிய எட்டு, அட்டையின் வரிசை எண்ணுக்கு. ஆணையை ஏழில் தொடங்காமல் ஆறில் தொடங்கிவிட்டால் பொருளே மாறிவிடும்.

அட்டைக் கட்டைத் தயார் செய்துகொண்டு சென்றால் வேலை உடனே நடந்துவிடாது. முதலில் கம்பைலரின் அட்டைக் கட்டைக் கருவியில் செலுத்த வேண்டும். பிறகு மாணவரின் கட்டு. கணிப்பொறி அதை மொழிபெயர்த்துப் புதிய அட்டைகளில் துளையிட்டுத் தரும். சில கம்பைலர்களில் இடையே இன்னொரு கட்டும் உண்டு. பிறகு மொழிபெயர்த்த அட்டைகளையும், அவற்றோடு துணைப் புரோகிராம்களின் அட்டைகளையும், கணக்குக்குரிய எண்கள் உள்ள அட்டைகளையும் வரிசையாக வைத்து மீண்டும் செலுத்த வேண்டும். 1620இன் அட்டைக் கருவி நிமிடத்துக்கு 250 அட்டைகளைப் படிக்கும். 125 அட்டைகளைத் துளையிடும். பத்து வரிப் புரோகிராமில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் இத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

இதை எழுதுபவனும் அட்டைக் காலத்து மாணவன்தான். கட்டம் போட்ட தாளில் புரோகிராமை எழுதிக் கொடுத்துவிடுவோம். துளையிடுவதற்குத் தனிப் பணியாளர்கள். என்னுடைய முதல் புரோகிராம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. நான் எழுதிய பூஜ்யத்தை அவர் ஆங்கில ‘ஓ’ என்று படித்துவிட்டார். அவர்மீது குற்றமில்லை, என் கையெழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும் என்ற வழக்கத்தை மூன்று நாள் கொடுத்து வாங்கினேன். அட்டைக் கட்டின் மேல்விளிம்பில் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைத்தால், கட்டு கீழே விழுந்து கலைந்தாலும் அடுக்கிவிடலாம் என்பதை வேறொரு நாள் கற்றேன். எப்படிக் கற்றேன் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று நாள் கழித்து ஒரு பிழை தெரிந்தால் என்ன பயன்? அதை எழுதும்போது என்ன நினைத்தோம் என்பதே மறந்திருக்கும். சிலர் இந்தக் காத்திருத்தலையும் புகழ்வதுண்டு. “அதனால்தான் நாங்கள் பத்து முறை சரிபார்த்து எழுதினோம்” என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்பவர்கள் தேறியவர்கள். காத்திருந்து சலித்து விட்டுவிட்டவர்களின் குரல் நம் காதில் விழுவதில்லை.

நான்கு மாணவர்களின் கோடை விடுமுறை

சிக்கலின் ஆணிவேர் எங்கே இருக்கிறது? முன்பு கூறியதை நினைவுகூருங்கள். கம்பைலர்கள் நூறு தடவை ஓடும் புரோகிராம்களுக்காக அமைக்கப்பட்டவை. மாணவரின் புரோகிராம் அப்படியா? பத்து முறை மொழிபெயர்க்கப்படுகிறது. பத்தாவது முறைதான் சரியாக ஓடுகிறது. அதுவும் ஒரே முறை, சில விநாடிகள். விடை கிடைத்ததும் குப்பைக்கூடைக்குப் போகிறது. இதற்காகக் கம்பைலர் மூச்சுமுட்ட ஆராய்ந்து சிறந்த ஆணைகளைப் படைத்துக்கொண்டிருந்தது!

அப்படியானால் கற்பவருக்கென்று வேறு வகைக் கம்பைலர் வேண்டும். ஓடும் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. மொழிபெயர்ப்பு நொடியில் முடிய வேண்டும். பிழையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த எண்ணத்தோடு, ராஜாராமன் பயின்ற அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1620 கருவிக்காக ‘ஃபோர்கோ’ என்னும் கம்பைலர் உருவாக்கப்பட்டது. இடையே அட்டைகளைத் துளையிடாமல், மொழிபெயர்த்ததை நினைவகத்திலேயே வைத்து உடனே ஓடவிடுவது அதன் முறை.

கனடாவில் ஒண்டேரியோ மாநிலத்தில் 1957இல் தொடங்கப்பட்ட வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் ஒரு 1620 இருந்தது. அங்கும் ஃபோர்கோவைப் பயன்படுத்தினார்கள். பிறகு அவர்களுக்கு ஐ.பி.எம். 7040 என்னும் பெரிய, வேகமான கணிப்பொறி கிடைத்தது. ஆனால் அதனோடு வந்த கம்பைலர் பழைய மாதிரி. பேராசிரியர் வெஸ்லி கிரஹாமின் ஊக்கத்தில் நான்கு மாணவர்கள் 1965ஆம் ஆண்டுக் கோடையில் அதற்கென ஒரு புதிய கம்பைலரை எழுத அமர்ந்தார்கள். கஸ் ஜெர்மன், ஜேம்ஸ் மிட்செல், ரிச்சர்ட் ஷெர்லி, ராபர்ட் ஸார்ன்கி ஆகியோர் அவர்கள். நால்வரும் பட்ட வகுப்பு மாணவர்கள். பீட்டர் ஷான்ட்ஸ் அவர்களை வழிநடத்தினார். அவர்கள் படைத்த கம்பைலருக்கு ‘வாட்ஃபோர்’ என்று பெயர்.

வாட்ஃபோர் மாணவர்களின் கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, மொழிபெயர்த்து, பிழை இல்லையானால் அக்கணமே ஓடவிட்டு, விடையை அச்சிட்டு அடுத்த கட்டுக்குப் போய்விடும். பிழை இருந்தால், எந்த வரியில் என்ன பிழை என்பதைச் சொல்லும்.

எல்லாவற்றிலும் சிறப்பு, ஓடும்போது நேரும் பிழைகளையும் அது பிடித்ததுதான். மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு: மதிப்பே தராத ஒரு பெயரைக் கணக்கில் பயன்படுத்துவது. மற்றக் கம்பைலர்களில், அந்த அறையில் முந்தைய மாணவரின் புரோகிராம் விட்டுச்சென்ற எண் ஏதாவது கிடக்கும். கணிப்பொறி அதையே எடுத்துக் கணக்கிட்டு ஒரு விடையைத் தரும். நேற்று ஒரு விடை, இன்று ஒரு விடை! வாட்ஃபோர் குழுவினர் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். நினைவகத்தில் ஒவ்வொரு எண்ணோடும், அது கெடாமல் இருக்கிறதா என்று அறிய ஒரு சரிபார்ப்புக் குறி இருக்கும். அந்தக் குறியை முதலிலேயே வேண்டுமென்று தவறாக எழுதி வைத்துவிட்டார்கள். மதிப்புத் தந்தால் குறி சரியாகிவிடும். தராமல் படித்தால் கருவியே அலறி நின்றுவிடும். உடனே “இந்தப் பெயருக்கு மதிப்பு தரப்படவில்லை” என்ற செய்தி அச்சாகும். கருவியின் கோளாறைக் கண்டுபிடிக்க வைத்திருந்த ஏற்பாட்டை மனிதனின் கோளாறைக் கண்டுபிடிக்கத் திருப்பிவிட்டார்கள்.

தாங்களே அண்மையில் அந்தக் குழிகளில் விழுந்து எழுந்தவர்கள் என்பதால்தான் அவர்களுக்கு இது தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாட்ஃபோரும், அதன் அடுத்த வடிவமான ‘வாட்ஃபைவ்’ கம்பைலரும் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவின.

வாட்டர்லூவுக்கு ஓராண்டு முன்பே, அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் வேறொரு வழியைக் கண்டிருந்தார்கள். அட்டைகளையே ஒழித்துவிட்டு, தட்டச்சு போன்ற கருவிகள் வழியாகப் பலரை ஒரே கணிப்பொறியோடு இணைத்தார்கள். 1964 மே 1ஆம் நாள் விடியற்காலை 4 மணிக்கு அவர்களுடைய ‘பேசிக்’ மொழியில் முதல் புரோகிராம்கள் ஓடின. அதில் முழு எண், பின்ன எண் என்ற வேறுபாட்டையே அவர்கள் வைக்கவில்லை. ஒன்றை இரண்டால் வகுத்தால் 0.5 என்றே வரும்.

கான்பூரிலிருந்து சென்னைக்கு

கான்பூருக்கு 1966இல் ஐ.பி.எம். 7044 என்னும் பெரிய கருவி வந்தது. ராஜாராமன் தம் வகுப்புப் பாடங்களை நூலாக்கினார். ‘புரோகிராமிங்கின் தத்துவங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1969இல் அது வெளிவந்தது. அதுவரை விலை மிகுந்த வெளிநாட்டு நூல்களை நம்பியிருந்த நம் மாணவர்களுக்கு அது பெரும் உதவி. அதன்பின் எழுதிய நூல்களிலும் அவர் நடை ஒன்றே: முதலில் கணக்கை எடுத்துக்கொள்வார், அதைத் தீர்க்கும் வழியைப் படிப்படியாகச் சொல்வார், மொழி பிறகுதான் வரும்.

சென்னை இ.தொ.கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்டது. கான்பூரில் ராஜாராமனோடு பணியாற்றிய பேராசிரியர் எச்.என். மகாபலா 1970களில் சென்னைக்கு வந்து இங்கே கணிப்பொறிக் கல்வியை வளர்த்தார். 1980களில் மேசைமேல் வைக்கும் சிறு கணிப்பொறிகள் வந்தபின் அட்டைகளும், துளையிடும் கருவிகளும், மூன்று நாள் காத்திருத்தலும் மறைந்தன.

குழிகள் மறைந்தனவா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குப் ‘பைத்தான்’ மொழி பாடமாக வைக்கப்பட்டது. அம்மொழியின் இரண்டாம் பதிப்பு வரையில் ஒன்றை இரண்டால் வகுத்தால் 0 என்றே வந்துகொண்டிருந்தது. 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் அதை 0.5 என்று மாற்றினார்கள். மீதியைத் தூக்கியெறியும் வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோட்டைத் தனிக் குறியாக வைத்தார்கள்.

இன்றும் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் ‘சி’ மொழியில் அதுவும் மாறவில்லை. அதில் 400இன் 1/2 அடுக்கைக் கேட்டுப் பாருங்கள். 1957இல் ஃபோர்ட்ரான் சொன்ன அதே விடைதான் வரும்.